பழகின சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் பின்பக்கம், எடைக்கு வந்த சாமான்களோடு கிடந்தது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பேர் வெட்டியிருந்தார்கள்: ‘மீனாட்சி, விளம்பி ஆவணி’. கடைக்கார பாய், “தங்கச்சி, அதுல பேர் இருக்கு. பேர் இல்லாததா எடுத்துத் தரேன்” என்றார். பேர் இருப்பதால்தான் எனக்கு வேண்டும் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு எடை போட்டார்.

அந்த ஒரு வரியை வைத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். விளம்பி வருடம் அறுபது வருடத்துக்கு ஒரு தடவை வரும். 1898, 1958, 2018. தவலையில் ‘மீனாட்சி’யின் ‘னா’ துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்திருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன்னால் னா, ணா, றா மூன்றையும் அப்படித்தான் எழுதுவோம்; லை, ளை, ணை, னை நான்குக்கும் யானைத் தும்பிக்கை போல ஒரு கொம்பு இருக்கும். ஆக 2018 கிடையாது. அடிப்பாகத்தின் தேய்மானத்தைப் பார்த்தால் 1898 வரை போகிற மாதிரியும் தெரியவில்லை. 1958 ஆவணியில் மீனாட்சி என்ற பெண்ணுக்குச் சீராக வந்த தவலை என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பது எனக்குத் தெரியாது. தினமும் அதில் தண்ணீர் பிடிக்கும்போது அந்தப் பெயர் என் விரலில் படும்.

பழைய சாமான் வாங்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இருபது வருடமாகத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று சுற்றி வாங்கிப் புழங்கியதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் சம்மதம்

கடைக்குப் போவதற்கு முன்னாலேயே வரும் சிக்கல் இது. “யார் வீட்டுச் சாமானோ, எப்படிப் போனவங்க பொழங்கினதோ” என்று மாமியாரோ அம்மாவோ ஒரு வார்த்தை சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிறோம். பாட்டியின் பழைய நூல்புடவையில்தான் தூளி கட்டுகிறோம். நாலு பிள்ளை படுத்து எழுந்த மரத்தொட்டில் என்றால் ராசி என்று கேட்டு வாங்கி வருகிறோம். பழகின தோசைக்கல்லை எந்த வீட்டிலும் இரவல்கூடத் தர மாட்டார்கள்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசித்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கரையோர மக்கள் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் மலையாகக் கிடந்தது. எல்லாம் இழந்து நின்றவர்கள் அவர்கள். ஆனாலும் பிறர் கழித்துப் போட்டதை வாங்கி உடுத்த மனம் வரவில்லை, அதில் எனக்குத் துளியும் வியப்பு இல்லை. அதே ஊரில் காசு கொடுத்து, பேரம் பேசி, பழைய அண்டாவை வாங்கிப் போக யாரும் தயங்குவதில்லை. கேட்டு வாங்கினால் கௌரவம் நம்மிடம் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1902இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் குட்வில் அமைப்பைத் தொடங்கியதும் இப்படி ஒரு எண்ணத்தில்தான். வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமானும் திரட்டினார். வேலை இல்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து அதைச் செப்பனிட வைத்து, விலை போட்டு விற்றார். சும்மா எடுத்துக் கொடுக்கவில்லை. இன்று அங்கே இளவட்டங்கள் விரும்பிப் போகும் பழைய சாமான் கடைகளுக்கு இப்படி ஒரு வேர் உண்டு.

எதில் தொடங்குவது

புதுசைவிடப் பழசு நன்றாக வேலை செய்யும் சாமான்கள் சில உண்டு. அதில் தொடங்குங்கள்.

கல்சட்டி அதில் முதல். மாக்கல்லில் செய்தது. புதுசாக வாங்கினால் அப்படியே அடுப்பில் ஏற்ற முடியாது, விரிசல் விட்டுவிடும். எண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றி வைத்து, பல நாள் பழக்க வேண்டும். பழைய கல்சட்டிக்கு அந்த வேலையை யாரோ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். கன்னங்கரேல் என்று, தொட்டால் வழவழப்பாக இருந்தால் நல்ல கல்சட்டி. வற்றல் குழம்பு வைத்து இறக்கினால் வெகுநேரம் கொதி அடங்காது. வாங்கும்போது உள்ளங்கையில் ஏந்தி விரல் கணுவால் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ‘டப்’பென்று ஓசை செத்து ஒலித்தால் உள்ளே விரிசல். வெளியில் இரும்புப் பட்டை கட்டியிருந்தால் ஒரு தடவை விட்டு ஒட்டியது என்று அர்த்தம். ஊறுகாய் போட்டு வைக்கலாம், அடுப்புக்கு வேண்டாம்.

தோசைக்கல், இருப்புச்சட்டியும் அப்படியே. துரு ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், தேய்த்து எண்ணெய் தடவி நாலு நாள் வைத்தால் போய்விடும். தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, தோசை ஒரு பக்கம் கருகும்.

காபி குடிக்கிறவர்கள் பித்தளை ஃபில்டரும் டவரா டம்ளரும் தேடுவார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது மேல் பாத்திரத்தின் அடியில் இருக்கும் துளைகள். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் எல்லாத் துளையிலும் ஒளி வர வேண்டும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். பழசில் இரண்டு வேறு ஃபில்டரின் துண்டுகளைச் சேர்த்து விற்பது உண்டு.

எங்கே, எப்போது

பழைய சாமான் கடை என்று பலகை போட்ட கடையை மட்டும் தேடாதீர்கள். டெல்டா ஊர்களில் நல்ல சரக்கு கிடைப்பது சாதாரணப் பாத்திரக்கடையில்தான். கும்பகோணம் பெரிய கடைத்தெரு மாதிரி இடங்களில், பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புது எவர்சில்வர் எடுத்துப் போகிறவர்கள் தினமும் வருவார்கள். அந்தப் பழசு எல்லாம் கடைக்குப் பின்னால் மூட்டையில் இருக்கும், உருக்கப் போகக் காத்திருக்கும். “எடைக்கு வந்த சாமான் இருந்தா பாக்கலாமாண்ணே?” என்று கேளுங்கள். முதல் தடவை இல்லை என்பார்கள். மூன்றாவது தடவை உள்ளே கூப்பிடுவார்கள்.

அடுத்தது காயலான் கடை. அங்கே பொறுமை வேண்டும், கையில் அழுக்குப் படும். மூன்றாவது, இடிக்கப் போகிற வீடு. அக்கிரகாரத்திலும் பழைய மிராசு வீடுகளிலும் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். வீட்டை விற்கும்போது ஊஞ்சல் பலகை, நிலைக்கதவு, மர பீரோ, மரக்கால், படி என்று எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வரும். தச்சரிடமும் கொத்தனாரிடமும் சொல்லி வைத்தால் தகவல் வரும். டெல்டாவை விட்டுக் காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் வெளியூர்க்காரர்களை நம்பி விலை போடுகிற இடம். பழகின பிறகு போங்கள்.

நேரம் என்றால் மார்கழிக் கடைசி. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணில் இருந்து சாமான் இறங்கும். தை, மாசி முகூர்த்தங்களுக்குப் புதுப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் பழசைக் கொண்டுவந்து போடுவதும் அதே சமயம்தான்.

ஒரு முக்கியமான விஷயம். காலையில் கடை திறந்ததும் போய் நிற்காதீர்கள். முதல் போணி ஆகாமல், எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் திரும்பினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் மனம் சங்கடப்படும். பதினோரு மணிக்கு மேல் போங்கள். தப்பித்தவறி முதல் ஆளாகப் போய்விட்டால் ஒரு கரண்டியாவது வாங்கிவிடுங்கள்.

கையில் என்ன, கண்ணில் என்ன

சின்னக் காந்தம் ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ஈரத்துணி, செல்போன் டார்ச். இது போதும்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம், வைத்துவிடுங்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் (டின்) சேர்ந்தது. அடியில் லேசாகச் சுரண்டினால் பித்தளை எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், வெண்கலம் சற்றுப் பழுப்பாக, சிவப்போடிய நிறத்தில் இருக்கும். தட்டினால் இன்னும் சுலபம்: வெண்கலம் மணி மாதிரி ஒலித்து, ஒலி நீண்டு தேயும். வெண்கலப் பானைக்கு விலை அதிகம் கேட்டால் நியாயம்தான். ஆனால் அது கீழே விழுந்தால் உடையும், பித்தளை நசுங்கும். அதனால் விளிம்பைச் சுற்றி நகத்தால் ஓட்டிப் பார்த்து முடிக்கீறல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாத்திரத்தை வெயிலுக்குத் தூக்கி உள்ளே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. அப்புறம் கழுத்தும் வயிறும் சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பற்றவைத்த இடம் மேடாகத் தட்டுப்படும். தண்ணீர் ஊற்றிப் பழைய பேப்பரின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். அவசரப்படுத்தினாலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உட்புறம் வெள்ளையாக இருந்தால் ஈயப்பூச்சு இருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் போய்விட்டது. பூச்சு இல்லாத பித்தளையில் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும், வயிற்றுக்கு ஆகாது. ஈயம் பூசுகிறவர்கள் முன்பு துருத்தியும் கரியும் கொண்டு தெருவுக்கே வந்து, நவச்சாரப் புகை பறக்கப் பூசிக் கொடுப்பார்கள். இப்போது குறைந்துவிட்டார்கள், ஆனாலும் பாத்திரக்கடையில் கேட்டால் ஆள் சொல்வார்கள். பூசுவது வெள்ளீயம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூலியையும் அப்போதே கேட்டு, பாத்திர விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈயச்சொம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசத்துக்கு அதைப் போல வேறொன்று இல்லை என்பது உண்மை. நல்ல ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயத்தில் செய்தது. அதில் காரீயம் (லெட்) கலந்துவிட்டால் அது விஷம், குழந்தைகளுக்கு ரொம்பவே கெடுதல். காரீயம் கனம் கூடுதல், மெத்தென்று இருக்கும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய ஈயச்சொம்பை நான் எந்த விலைக்கும் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கிடைத்தால் கழற்றிப் பாருங்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரை போட்டுச் சேர்த்திருப்பார்கள். மரை தேய்ந்திருந்தால் விளக்கு சாயும். தண்டின் நிறமும் தட்டின் நிறமும் வேறாக இருந்தால் இரண்டு விளக்கின் சேர்க்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் நாச்சியார்கோவில். அங்கே பட்டறையில் காட்டினால் அது தங்கள் ஊர் வேலையா என்று கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார்கள்.

விலை

பழைய பாத்திரத்துக்கு இரண்டு எல்லை உண்டு. கீழே, அன்றைக்குக் கடைக்காரர் எடைக்கு எடுக்கும் விலை. மேலே, அதே உலோகத்தில் புதுப் பாத்திரத்தின் கிலோ விலை. இரண்டையும் வெவ்வேறு கடையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் மாறும். ஒரு பேச்சுக்கு எடுக்கும் விலை கிலோ 500, புதுசு கிலோ 900 என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ தவலைக்கு 1,000க்குக் கீழே அவருக்குக் கட்டாது. 1,800 கேட்டால் நீங்கள் புதுசே வாங்கலாம். 1,200இல் இருந்து 1,400க்குள் முடிந்தால் இருவருக்கும் நிறைவு. ‘ஆன்டிக்’ என்ற சொல் வாயில் வந்துவிட்டால் எடைக்கணக்கு போய்விடும். நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். “பொழங்கறதுக்குத்தான் கேக்கறேன்” என்று சொல்லுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும்.

வீட்டிலேயே நேராக விற்கிறவர்களிடம் அடித்துப் பேசாதீர்கள். அம்மாவின் சாமானைக் கொடுக்கிறவர்கள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மரச்சாமான்

மரத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பதுதான் முதல் வேலை. மேலே பாலிஷ் பளபளக்கும். அடியில் மாவு போலத் தூள் உதிர்ந்திருந்தால் உளுத்துவிட்டது. கால்களின் நுனியை நகத்தால் குத்துங்கள். நம் பக்கம் ஈரம் அதிகம், மழைக்காலத்தில் கூடத்திலேயே தண்ணீர் நின்ற வீடுகள் உண்டு. கால்தான் முதலில் போகும். பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில் லேசாகச் சீவினால் தேக்குக்கு ஒரு எண்ணெய் வாசனை வரும். குட்டியானை வாடகையையும் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். வீட்டு வாசலை அளந்துகொண்டு போனீர்களா என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள்.

பட்டு

பழைய பட்டுப்புடவையில் மடிப்பு விட்டுப் போயிருக்கும். மடித்த இடத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து மெல்ல இழுத்தால் தெரியும். ஜரிகை அசலா என்று பார்க்க ஓர் இழையை உருவிப் பிரியுங்கள்: நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன் மேல் வெள்ளி, அதற்கும் மேல் தங்க முலாம். அசல் ஜரிகைப் புடவையை வெள்ளிக்காக எரித்துவிடுகிறார்கள். “பழைய பட்டு, ஜரிகை” என்று கேட்டுத் தெருவில் வருகிறவர்களிடம் போட்டால் அதன் கதி அதுதான். திருபுவனத்திலோ காஞ்சிபுரத்திலோ யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த புடவை அது. மடிப்பு விட்டிருந்தாலும் பரவாயில்லை, வாங்கி ஒரு பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை தைத்துப் போடுங்கள்.

எதைத் தொடக்கூடாது

சாமி விக்கிரகம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எவ்வளவு நயமாகச் சொன்னாலும் வேண்டாம். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராசர் 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து 1991இல்தான் திரும்பி வந்தார். ஒவ்வொரு ஊரும் இப்படி எதையாவது இழந்த பூமி இது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது குற்றம்.

பாத்திரத்தில் ‘உபயம்’ என்று வெட்டியிருந்தால் அது கோயிலுக்கோ மடத்துக்கோ யாரோ கொடுத்தது. அந்தத் தாம்பாளம் கடைக்கு எப்படி வந்தது என்பது நல்ல கதையாக இருக்காது. கீழே வைத்துவிடுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். ராத்திரியில் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் எதுவும் வேண்டாம். பெரிய தொகை கொடுத்தால் ஒரு துண்டுச்சீட்டாவது எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். அமிலத்தில் முக்கி எடுத்துத் தங்கம் போலப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், கை பட்டுப் பட்டு வந்த மெருகு அதில் போய்விடும். ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கம்பி நாரும் போடாதீர்கள்.

அப்புறம் முதல் நாளே புழங்கத் தொடங்குங்கள். பூச்செடி வைக்க உருளி வாங்காதீர்கள், அதில் பாயசம் வையுங்கள்.

போன ஆவணியில் மீனாட்சியின் தவலையை எடுத்துக்கொண்டு பேர் வெட்டும் பெரியவரிடம் போனேன். இப்போது மிஷினில்தான் வெட்டுகிறார்கள். அவர் மட்டும் உளி வைத்திருக்கிறார். பழைய பேரைத் தேய்த்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், அதற்குக் கீழே என் பேரை வெட்டுங்கள் என்றேன். “வருஷம் போடணுமாம்மா?” என்றார். விசுவாவசு ஆவணி என்று சொன்னேன். தவலையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மேல் வரியின் எழுத்து அளவைக் கட்டைவிரலால் அளந்து பார்த்துவிட்டு, அதே உயரத்தில் தட்டத் தொடங்கினார். எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.